இரும்பில்லாத இரும்புக்கல் பீங்கான்

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் வழமைபோல் துப்புரவு வேலை நடந்தது. கண்ணாடி அலுமாரியைத் துடைத்து அடுக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கீழ்த்தட்டில் இருந்த பெரிய நீள்வட்டப் பீங்கானை இரு கைகளாலும் தூக்கி வெளியே எடுத்தபோதுதான் அதன் பாரம் எனக்குத் தெரிந்தது. அந்நேரம் பார்த்து, வீதியில் போத்தல் பத்திரம் வாங்குபவரின் குரல் கேட்டது.

"இந்தப் பழைய சாமானையும் குடுத்திட்டா அலுமாரில கொஞ்சம் இடமாவது கிடைக்கும்" என்றார் ராத்தா.

முன்கதவருகே தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த உம்மம்மா தலையை உயர்த்தினார். "அது எங்கட உம்மா பாவிச்ச பீங்கான் மகள். அத குடுக்க ஏலாது" என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

பின்பக்கத்தைத் துடைப்பதற்காகப் பீங்கானைக் கவிழ்த்தேன். அங்கே கறுப்பு மையில் ஒரு முத்திரை இருந்தது. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை, நடுவே கேடயமும் கிரீடமும். அவற்றோடு ஆங்கில எழுத்துகளில் "ரோயல் அயன்ஸ்டோன் சைனா" என்றும், "அல்பிரட் மீக்கின்" என்றும், இறுதியில் "இங்கிலாந்து" என்றும் பொறிக்கப்பட்டிருந்தது. அயன் என்றால் இரும்பு. ஸ்டோன் என்றால் கல். சைனா என்றால் சீனா. இரும்பு, கல், சீனா, இங்கிலாந்து ஆகிய நான்கும் ஒரே பீங்கானின் அடியில் எப்படி ஒன்றுசேர்ந்தன?

இக்கேள்விக்கு விடை தேடி நான் படித்து அறிந்தவற்றையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கின்றேன். அந்தத் தேடலின் பயனாக எங்கள் வீட்டுப் பெருநாள் வழக்கம் ஒன்றையும் மாற்ற நேர்ந்தது. அதனைப் பின்னர் கூறுகின்றேன்.

சீனா எப்படி வந்தது?

மெல்லியதும் வெண்மையானதும் ஒளியை ஊடுருவ விடுவதுமான பீங்கானைச் செய்யும் கலையைச் சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைவரப்பெற்றிருந்தனர். ஐரோப்பியர் அதன் இரகசியம் அறியாது நீண்டகாலம் தவித்தனர். ஜேர்மனியின் மைசன் நகரில் 1710ஆம் ஆண்டு ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்ட பின்னரே ஐரோப்பாவில் அத்தகைய பீங்கான் உற்பத்தி வேரூன்றியது. அதன் பின்னரும் சாதாரண குடும்பங்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பனி சீனாவிலிருந்து தேயிலை ஏற்றிச் சென்றது. தேயிலையில் ஈரம் படக்கூடாது. ஆகவே, நீர் பட்டாலும் பழுதடையாத பாரமான பொருளைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி, அதற்கு மேலே தேயிலைப் பெட்டிகளை வைத்தனர். அவ்வாறு அடியில் அடுக்கப்பட்ட பொருள்களுள் முக்கியமானது பீங்கான். நாம் சீனச்சட்டி என்று சொல்வதைப் போலவே, ஆங்கிலேயரும் பொருள் வந்த நாட்டின் பெயரையே பொருளுக்குச் சூட்டி, பீங்கானைச் "சைனா" என்று அழைத்தனர்.

1791ஆம் ஆண்டு கம்பனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. லண்டனில் அப்பீங்கானை விற்றுவந்த மைல்ஸ் மேசன் என்னும் வியாபாரி இதனால் பாதிக்கப்பட்டார். வாங்கி விற்க வழியில்லையென்றால் செய்து விற்போம் என்று துணிந்த அவர், பின்னர் ஸ்டஃபோர்ட்ஷயரில் தமது பீங்கான் தொழிலை நடத்தினார்.

ஸ்டஃபோர்ட்ஷயரின் வடபகுதியில் டன்ஸ்டல், பேர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லொங்டன் ஆகிய ஆறு ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இன்று அவை ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் என்னும் ஒரே நகரமாக உள்ளன. அங்கே நிலத்தின் கீழ் நிலக்கரி இருந்தது. வெண்களிமண் கோர்ன்வோல் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1777இல் நிறைவுபெற்ற ட்ரென்ட்-மேர்சி கால்வாய் வழியாகப் பாரமான மூலப்பொருள்கள் படகுகளில் வந்தன. உடையக்கூடிய பாத்திரங்கள் குலுங்காமல் துறைமுகத்துக்குச் சென்றன. போத்தலைப் போன்ற வடிவில் எழுந்து நின்ற சூளைகளின் கரும்புகை அவ்வூர்களை எந்நேரமும் மூடியிருந்தது.

இரும்பு எங்கே?

மைல்ஸ் மேசனின் மகன் சார்ள்ஸ் ஜேம்ஸ் மேசன் 1813ஆம் ஆண்டு ஒரு புதிய வகைப் பீங்கானுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் இட்ட பெயர்தான் "அயன்ஸ்டோன் சைனா", அதாவது இரும்புக்கல் பீங்கான். இரும்புத்தாதுக் கசடு, தீக்கல், கோர்ன்வோல் கல், களிமண், கோபோல்ட் ஒட்சைட்டு ஆகியன அதன் மூலப்பொருள்களாகக் காப்புரிமைப் பத்திரத்தில் கூறப்பட்டிருந்தன.

அப்படியானால் எங்கள் வீட்டுப் பீங்கானுக்குள் இரும்பு இருக்கின்றதா? இதற்கு விடை காண ஆய்வுகூடம் தேவையில்லை. எமது செங்கல்லும் மண்சட்டியும் ஏன் சிவப்பாக இருக்கின்றன? அவற்றின் களிமண்ணில் இரும்பு இருப்பதனாலேயே சுடும்போது அவை சிவக்கின்றன. வெள்ளைப் பாத்திரம் செய்பவர்கள் இரும்பு கலவாத களிமண்ணையே தேடுவர். எனவே, பீங்கானின் வெண்மையே அதனுள் சொல்லும்படியாக இரும்பு இல்லை என்பதற்குச் சாட்சி. பீங்கானுக்கு உறுதியைக் கொடுத்தவை நல்ல களிமண்ணும் கோர்ன்வோல் கல்லும் தீக்கல்லும், அவற்றை இறுகச் செய்த சூளையின் வெப்பமுமே ஆகும். "இரும்பு" என்பது வாங்குவோர் மனதில் உறுதியைப் பதியவைத்த ஒரு வியாபாரப் பெயர்.

கோபோல்ட் ஒட்சைட்டைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது நீலநிறம் தரும் பொருள். எமது வெள்ளைச் சீருடை மஞ்சளிக்காமல் இருக்க உம்மா நீலம் போடுகின்றார் அல்லவா? அதே உத்திதான். சிறிதளவு கோபோல்ட், களிமண்ணின் இலேசான மஞ்சளை மறைத்து வெண்மையை எடுத்துக்காட்டியது.

இத்தகைய கல் போன்ற பீங்கானை முதலில் முயன்றவர் மேசன் அல்லர். லொங்டனைச் சேர்ந்த டேர்னர் குடும்பத்தினர் 1800ஆம் ஆண்டிலேயே ஒரு காப்புரிமை பெற்றிருந்தனர். ஸ்போட் தொழிற்சாலையும் "ஸ்டோன் சைனா" என்ற பெயரில் இதை ஒத்த பாத்திரங்களை விற்றது. ஆயினும் மேசன் சூட்டிய பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. அவரது ஆரம்பகாலப் பாத்திரங்கள் சீன, ஜப்பானிய முறையில் கடும் நீலம், சிவப்பு, பொன் ஆகிய நிறங்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தன. இப்பொருளின் உறுதியைக் காட்டுவதற்காகக் குளிர்காயும் அடுப்பின் முகப்பைக்கூட அதில் செய்தார்கள்.

மேசனின் காப்புரிமை 14 ஆண்டுகளுக்கு உரியது. அது முடிந்த பின்னர் மற்றவர்களும் தத்தமது கலவையில் அயன்ஸ்டோன் பாத்திரங்களைச் செய்யத் தொடங்கினர். மேசன் 1848இல் கடனில் மூழ்கித் தொழிலை இழந்தார். அவர் இட்ட பெயர் மட்டும் இன்றுவரை வாழ்கின்றது.

கல் போன்ற உடல்

சுட்ட களிமண் பாத்திரங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டு நீரை உறிஞ்சும் மண்பாத்திரம் ஒன்று. கூடிய வெப்பத்தில் இறுகி, நீரை உறிஞ்சாத கற்பாத்திரம் இரண்டாவது. மிக வெண்மையாகவும் ஒளி ஊடுருவக்கூடியதாகவும் அமையும் உயர்தரப் பீங்கான் மூன்றாவது. அயன்ஸ்டோன் இவற்றின் எல்லைகளுக்கு இடையில் நிற்பது. மண்பாத்திரத்தைவிட நெருக்கமான உடல், பீங்கானை ஒத்த வெண்மை, கல்லை நினைவூட்டும் பாரம் ஆகியன அதன் இயல்புகள்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டறையில் பாத்திரத்தின் பின்னால் கைத்தொலைபேசியின் டோர்ச்சை ஒளிரவிட்டு, இடையில் விரல்களை வையுங்கள். உயர்தரப் பீங்கானாயின் ஒளி ஊடுருவி விரல்களின் நிழல் தெரியும். அயன்ஸ்டோனில் எதுவும் தெரியாது. அடுத்து, பாத்திரத்தைத் துணியின் மேல் வைத்து விரல் நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். முழுமையான பாத்திரம் தெளிவாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ஓசை மங்கிக் கேட்கும். மண்சட்டி வாங்கும்போது எமது பெரியவர்கள் தட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

அடிப்பக்கத்தை விரலால் தடவினால் சிறிய மூன்று புள்ளிகள் தட்டுப்படலாம். அவை பழுது அல்ல. மெருகு பூசிய பாத்திரங்கள் சூளையில் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க, முக்காலி போன்ற சிறு தாங்கிகளின் மேல் வைத்துச் சுடப்பட்டன. அத்தாங்கிகளின் நுனி பதிந்த இடங்களே அவை.

விவசாயியின் மேசைக்கு

1840களில் ஸ்டஃபோர்ட்ஷயர் தொழிற்சாலைகள் எந்தச் சித்திரமும் இல்லாத வெள்ளை அயன்ஸ்டோனைப் பெருமளவில் அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கின. வர்ணமும் பொன்பூச்சும் இல்லாமையால் விலை குறைந்தது. உடல் தடித்திருந்தமையால் கடற்பயணத்தையும், அதன் பின்னர் கரடுமுரடான பாதையில் வண்டிப் பயணத்தையும் அது தாங்கியது.

அதனை விரும்பி வாங்கியவர்களுள் பலர் விவசாயக் குடும்பத்தினர். கோதுமை அறுவடை முடிந்து கதிரடிக்கும் நாட்களில் அயலவர்கள் ஒன்றுகூடி ஒவ்வொரு பண்ணையாகச் சென்று வேலை செய்தனர். அன்று அத்தனை பேருக்கும் உணவளிப்பது அப்பண்ணைப் பெண்களின் பொறுப்பு. பெரிய அளவில் சமைத்து, பெரிய பாத்திரத்தில் வைத்து, கைமாற்றிக் கைமாற்றிப் பரிமாறினர். அதற்குப் பொருத்தமான பாத்திரமாக அயன்ஸ்டோன் அமைந்தது. ஆதலால் "விவசாயியின் பீங்கான்" என்றும் "கதிரடிப்போர் பீங்கான்" என்றும் அது பெயர் பெற்றது.

தொழிற்சாலைகளும் தமது வாடிக்கையாளரை அறிந்து வைத்திருந்தன. பூசிய சித்திரத்துக்குப் பதிலாக அச்சிலேயே புடைப்பாகக் கோதுமைக் கதிர், இலை, பழம் ஆகியவற்றை அமைத்தனர். எல்ஸ்மோர் அன்ட் ஃபோஸ்டர் என்ற தொழிற்சாலை 1859இல் கோதுமைக் கதிர் வடிவத்தை வெளியிட்டது. அது பெரும் வரவேற்பைப் பெற்றதால் ஏனையோரும் அதைப் பின்பற்றினர். பேர்ஸ்லத்தைச் சேர்ந்த அன்டனி ஷோ போன்றோர் செம்பு நிறத்தில் ஒரு சிறிய இலையை மாத்திரம் நடுவில் இட்டனர். "தேயிலை" என்று அழைக்கப்பட்ட அந்த அலங்காரமும் அமெரிக்க வீடுகளில் புகழ்பெற்றது.

வடிவங்களும் காலத்துக்குக் காலம் மாறின. 1840களில் எண்கோண வடிவங்கள் மேலோங்கின. அடுத்துவந்த ஆண்டுகளில் வட்டமும் வளைவும் கொண்ட உடலில் கதிர்களும் இலைகளும் படர்ந்தன. 1870களுக்குப் பின்னர் மூங்கில் போன்ற கைப்பிடியுடன் கூடிய எளிய சதுர வடிவங்கள் வந்தன.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வேலை

எமது விருந்துகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் உண்பது வழக்கம். அங்கே பரிமாறும் பாத்திரமும் உண்ணும் பாத்திரமும் ஒன்றேதான். ஆங்கிலேய, அமெரிக்க மேசைகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தட்டு இருக்கும். நடுவில் உள்ள பெரிய பாத்திரங்களிலிருந்து ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வர். அதனால் பரிமாறும் பாத்திரங்கள் பலவாகப் பெருகின.

நீள்வட்டத் தட்டு அவற்றுள் முதன்மையானது. ஒன்றினுள் ஒன்று அடங்கும்படி பல அளவுகளில் அது செய்யப்பட்டது. பெரிய தட்டுகள் சிலவற்றின் நடுவில் மரக்கிளை போன்ற வாய்க்கால்கள் இருக்கும். முழுதாகச் சுட்ட இறைச்சியிலிருந்து வடியும் சாறு அவ்வாய்க்கால்கள் வழியே ஒரு பக்கக் குழியில் சேரும். அதனைக் கரண்டியால் அள்ளி மீண்டும் இறைச்சியின் மேல் ஊற்றலாம்.

சூப்புக்குரிய பெரிய மூடிப்பாத்திரம் அடுத்தது. அதன் மூடியின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். உடைந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் அது அகப்பைக் காம்பு வெளியே நீட்டி நிற்பதற்கான இடம். மூடியின் உச்சியில் பழம் அல்லது மொட்டு வடிவில் பிடி இருக்கும். மரக்கறிக்கான மூடிப்பாத்திரம், குழம்பு ஊற்றுவதற்கான படகு வடிவச் சிறு பாத்திரம், பால் கூசா, ஊறுகாய்த் தட்டு என்று இன்னும் பல உண்டு. இவை யாவும் ஒரே தொகுதியாக விற்கப்பட்டாலும், காலப்போக்கில் மூடி ஓரிடமும் பாத்திரம் வேறிடமுமாகப் பிரிந்துவிட்டன. அதனால், மூடியும் அகப்பையும் அடித்தட்டும் குறையாமல் கிடைக்கும் சூப்புப் பாத்திரத்துக்குப் பழம்பொருள் சேகரிப்போரிடையே மதிப்பு அதிகம்.

அடியைப் படிக்கும் முறை

ஒரு பீங்கானின் வயதை அறிய அதன் முகத்தைவிட அடியே அதிகம் உதவும். பிரித்தானியத் தொழிற்சாலைகள் தமது வடிவங்களை அரசாங்கத்தில் பதிவுசெய்தன. 1842 முதல் 1883 வரை அப்பதிவைக் குறிக்க வைர வடிவிலான குறியீடு இடப்பட்டது. 1884 முதல் அதற்குப் பதிலாகப் பதிவிலக்கம் வந்தது. ஆனால் இவை வடிவம் பதிவான ஆண்டைத்தான் சொல்லும். அதே வடிவத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்திருக்கலாம்.

"இங்கிலாந்து" என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. தமது நாட்டுக்கு வரும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டு அமெரிக்கா சட்டம் இயற்றியது. 1891 முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. எந்தப் பெட்டி எந்த நாட்டுக்குப் போகும் என்று பார்த்துப் பார்த்து முத்திரை மாற்றுவது சிரமமானதால், ஏனைய நாடுகளுக்குச் சென்ற பாத்திரங்களிலும் அதே முத்திரை இடப்பட்டது. ஆகவே அமெரிக்கச் சட்டமொன்றின் சுவடு எங்கள் வீட்டுப் பீங்கானின் அடியிலும் பதிந்திருக்கின்றது! "இங்கிலாந்தில் செய்யப்பட்டது" என்ற முழு வாசகம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஏற்றது என்ற குறிப்பு இருந்தால் அது அண்மைக்காலத்தது.

அல்பிரட் மீக்கின் தொழிற்சாலை 1875இல் டன்ஸ்டலில் தொடங்கப்பட்டது. எங்கள் பீங்கானில் "இங்கிலாந்து" என்று மட்டும் இருப்பதால், அது 1891ஐ ஒட்டிய காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ செய்யப்பட்டிருக்கலாம் என்று கணித்தேன். உம்மம்மாவின் உம்மா பிறப்பதற்கு முன்பே அது பிறந்திருக்கவும்கூடும்.

முத்திரையை நம்புவதிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஈஸ்ட் லிவர்பூல், நியூ ஜேர்சியிலுள்ள ட்ரென்டன் ஆகிய ஊர்களிலும் பின்னர் அயன்ஸ்டோன் செய்யப்பட்டது. அமெரிக்க மக்கள் ஆங்கிலப் பாத்திரத்தையே உயர்வாக எண்ணியதால், அங்குள்ள சில தொழிற்சாலைகள் பிரித்தானிய அரச சின்னத்தை ஒத்த முத்திரையைத் தமது பாத்திரங்களிலும் பொறித்தன. சிங்கத்தைக் கண்டதும் இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிட முடியாது.

முத்திரையில் இல்லாத பெயர்கள்

பீங்கானின் அடியில் முதலாளியின் பெயர் இருக்கின்றது. அதனைச் செய்தவர்களின் பெயர் இல்லை. அவர்களுள் சிறுவர்களும் பெண்களும் ஏராளமாக இருந்தனர்.

1840களில் டன்ஸ்டலில் சார்ள்ஸ் ஷோ என்ற ஏழு வயதுச் சிறுவன் வேலைக்குச் சேர்ந்தான். தட்டுச் செய்பவர் அச்சில் களிமண்ணை இட்டு உருவாக்கியதும், அச்சோடு அதைத் தூக்கிக்கொண்டு சூடான உலர்த்தும் அறைக்கு ஓடி வைத்துவிட்டு, வெற்று அச்சை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வருவது அவனது வேலை. விடிந்ததிலிருந்து இரவு வரை அவன் ஓட வேண்டியிருந்தது. முதுமையில் அவர் தமது சிறுபராய நினைவுகளை எழுதினார். அவை 1903இல் நூலாக வெளிவந்தன. பாடசாலையில் இருக்க வேண்டிய வயதில் பல பிள்ளைகள் பட்ட பாடு அதன் வழியே உலகுக்குத் தெரியவந்தது.

பீங்கானின் பளபளப்புக்குக் காரணமான மெருகில் ஈயம் கலக்கப்பட்டது. மெருகுத் தொட்டிக்கு அருகில் பணியாற்றியவர்கள் ஈயத்தைத் தூசியாகச் சுவாசித்தனர். கைகளின் வழியே உணவோடு உட்கொண்டனர். வயிற்று வலி, கை தளர்ந்து தொங்குதல், பார்வையிழப்பு ஆகியவற்றால் அவர்கள் துன்புற்றனர். பெண் தொழிலாளர்களின் கருக்கள் சிதைந்தன. 1890களின் இறுதியில் இத்தொழிலிலுள்ள பெண்களுக்கும் இளையோருக்கும் வைத்தியப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. பேராசிரியர்களான தோப், ஒலிவர் இருவரும் 1899இல் அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில், பெரும்பாலான பாத்திரங்களுக்கு ஈயம் இல்லாத மெருகே போதுமானது என்று எடுத்துரைத்தனர்.

வாசித்துக்கொண்டிருந்த நான் இவ்விடத்தில் நின்றுவிட்டேன். ஈயம் அந்தத் தொழிலாளரை மட்டும்தான் தொட்டதா?

விரிசல் வலையும் அச்சாறும்

எங்கள் பீங்கானின் மேற்பரப்பில் சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. சில இடங்களில் அவை தேநீர் நிறமாக மாறியிருக்கின்றன. மெருகும் அதன் கீழுள்ள களிமண் உடலும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஈரம் ஊறுவதாலும், சூடும் குளிரும் மாறி மாறிப் படுவதாலும் மெருகு இவ்வாறு வெடிக்கின்றது. வெடித்த கோடுகளினூடாக எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்குகின்றன.

மெருகு சிதையாமல் நன்றாகச் சுடப்பட்டிருந்தால் ஈயத்தின் பெரும்பகுதி கண்ணாடிக்குள் அடைபட்டதுபோல் இருக்கும். மெருகு வெடித்தோ தேய்ந்தோ போயிருந்தால், புளிப்பான உணவு அந்த ஈயத்தைக் கரைத்தெடுக்க இடமுண்டு. உணவு எவ்வளவு அதிக நேரம் அதில் இருக்கின்றதோ அவ்வளவு அதிகமாக ஈயம் கரையும். ஈயம் உடலில் சேர்ந்தால் மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும். சிறுபிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் அதனால் அதிகம் பாதிக்கப்படுவர். இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

உம்மம்மா ஒவ்வொரு பெருநாளைக்கும் முதல்நாள் இரவே வினாகிரியும் கடுகும் சேர்த்து அச்சாறு போட்டு, அந்தப் பீங்கானில் பரப்பி மூடி வைப்பார். காலையில் புரியாணியுடன் முதலில் அச்சாற்றைக் கேட்பவர் என் நான்கு வயதுத் தம்பி.

இதை உம்மம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாட்கள் தயங்கினேன். தம் உம்மாவின் ஞாபகமாக வைத்திருக்கும் பொருளைக் குறை சொல்வதாக அவர் எண்ணிவிடக்கூடாது. மூன்றாம் நாள் பீங்கானையே அவர் மடியில் வைத்து, அதன் முத்திரையிலிருந்து தொடங்கினேன். சீனக் கப்பலையும், கதிரடிக்கும் பெண்களையும், ஓடி ஓடி அச்சுத் தூக்கிய சிறுவனையும் பற்றிச் சொன்னேன். இறுதியில் விரிசல் கோடுகளைக் காட்டினேன்.

சற்று நேரம் அவர் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப இதக் கழிச்சுப் போடவா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"இல்ல உம்மம்மா. இதுக்கு வேற வேல குடுப்பம்" என்றேன்.

பாவிக்கும் முறையும் பராமரிப்பும்

எமது வீடுகளில் உள்ள பழைய பீங்கான்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய வேலைகள் பல உண்டு. தோலுடன் கூடிய வாழைப்பழம், தோடம்பழம், உறையில் சுற்றிய இனிப்புகள் ஆகியவற்றை வைக்கலாம். உணவு நேரடியாகப் படாதவாறு உள்ளே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து, அதில் பலகாரம் பரிமாறலாம். புளியாணம், அச்சாறு, தேசிக்காய் சேர்த்த சம்பல், தக்காளிக் கறி போன்றவற்றுக்கு அவற்றைப் பாவிக்க வேண்டாம். எந்த உணவையும் அவற்றில் இட்டு இரவு முழுவதும் வைக்க வேண்டாம். வெடிப்பில்லாததுபோல் தோன்றினாலும் பழைய பாத்திரத்தில் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நல்லது.

மைக்ரோவேவ் அடுப்பிலோ சூடான அவனிலோ வைக்கக்கூடாது. குளிர்ந்த பீங்கானில் திடீரெனக் கொதிநீர் ஊற்றினால் அது வெடித்துவிடும். கழுவும்போது இளஞ்சூடான நீரும் மென்மையான துணியும் போதும். கரண்டி, கத்தி உரசியதால் ஏற்பட்ட சாம்பல்நிறக் கோடுகளை அப்பச்சோடாவை நீரில் குழைத்து மெதுவாகத் தேய்த்து நீக்கலாம்.

பழுப்பு நிறக் கறைகளைப் போக்கப் பலரும் ப்ளீச் திரவத்தில் ஊறவைக்கின்றனர். இது தவறு. அத்திரவம் வெடிப்புகளினூடாக உள்ளே இறங்கி, உலரும்போது பளிங்குகளாக மாறி, மெருகைச் செதில் செதிலாகக் கழற்றிவிடும். அதற்குப் பதிலாகப் பாமசிகளில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டில் சில நாட்கள் ஊறவைத்து, பின்னர் நன்றாகக் கழுவி முற்றாக உலர்த்தலாம். கையுறை அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கறை போய்விட்டாலும் வெடிப்பு அப்படியே இருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுக்கும்போது பெரியதைக் கீழேயும் சிறியதை மேலேயும் வைத்து, இடையில் ஒரு துணியை இடுங்கள். மூடிப்பாத்திரத்தைத் தூக்கும்போது கைப்பிடியை நம்பாமல் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

அந்தப் பெருநாளன்று எங்கள் வீட்டு அச்சாறு கண்ணாடிக் கிண்ணமொன்றில் வந்தது. தம்பி வழமைபோல் முதலில் அதைத்தான் கேட்டார். கழுவித் துடைத்த அந்தப் பெரிய பீங்கான் மேசையின் நடுவே இருந்தது. அதனுள் ஒரு கண்ணாடித் தட்டும், அதன் மேல் உம்மம்மா தம் கையால் வெட்டி அடுக்கிய தொதல் துண்டுகளும் இருந்தன. வந்தவர்களிடமெல்லாம் உம்மம்மா, "தொதல எடுங்க. பிறகு இந்தப் பீங்கான்ட கதைய எங்கட புள்ளகிட்டக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அன்று அந்தக் கதையை ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். போத்தல் பத்திரத்துக்குப் போடச் சொன்ன ராத்தா, கடைசியில் தாமே அதைக் கவிழ்த்துச் சிங்கத்தைக் காட்டத் தொடங்கிவிட்டார்.

அன்பின் சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படியொரு பீங்கான் இருக்கலாம். அதை விற்பதற்கு முன்னரும், அதில் உணவு பரிமாறுவதற்கு முன்னரும் ஒருமுறை கவனமாகக் கவிழ்த்து அதன் அடியைப் படித்துப் பாருங்கள். பின்னர் அதனை உங்கள் உம்மம்மாவிடமோ வாப்பும்மாவிடமோ எடுத்துச் சென்று, அது யாருடைய கையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். முத்திரையில் இல்லாத அந்தப் பெயர்களை அவர்களால் மட்டுமே சொல்ல முடியும்.